உனக்கு எங்க வலிக்குது, கண்ணு?

கர்ப்பிணிப் பெண் யாரைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. பள்ளி ஓய்வறையிலோ, கல்யாணப் பந்தியிலோ, ஸ்கேன் அறை வாசலிலோ, பக்கத்தில் போய் உட்கார்ந்து "முதுகுக்கு மசாஜ் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "மாசமா இருக்கறப்பவா? அதெல்லாம் குழந்தை பொறந்த பொறகுதானுங்களே?"

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து விடவும், இடுப்புக்கு வெந்நீர் ஊற்றவும் ஆள் உண்டு, முறை உண்டு. வயிற்றில் சுமந்துகொண்டிருப்பவளுக்கோ விதவிதமான சோறு உண்டு, கை நிறைய வளையல் உண்டு, வருவோர் போவோரெல்லாம் சொல்லும் யோசனை உண்டு. அவள் முதுகைத் தொட்டுப் பார்க்கத்தான் யாரும் இல்லை. எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். அந்த மாதங்களை நான் சந்தோஷமாகக் கடந்ததற்கு அவர் கைகள்தான் காரணம் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. ஐந்தாம் மாதம் தொடங்கியதும் வலது பிட்டத்தின் நடுவிலிருந்து ஒரு வலி தொடை வரைக்கும் இறங்க ஆரம்பித்தது. படி ஏறும்போது சுருக்கென்று பிடிக்கும். இரவில் புரண்டு படுக்க முடியாது. மகப்பேறு மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். ரிலாக்ஸின் முதலான ஹார்மோன்கள் இடுப்பெலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. வயிறு முன்னால் வர வர உடம்பின் பாரமும் முன்னால் நகர்கிறது. அதைச் சமாளிக்கக் கீழ்முதுகு உள்ளே வளைகிறது. தளர்ந்த மூட்டுகளைத் தாங்கிப் பிடிக்கப் பிட்டத் தசைகள் ஓய்வே இல்லாமல் இறுகி நிற்கின்றன. போதாததற்கு உடம்பில் ஓடும் இரத்தமே ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடிவிடுகிறது. கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் முதுகுவலி வருவது உண்மைதான், ஆனால் வருகிறது என்பதற்காகப் பொறுத்துக்கொண்டே கிடக்க வேண்டியதில்லை என்றார். கர்ப்பிணிகளுக்கு மசாஜ் செய்வதற்கென்று பயிற்சி எடுத்த பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். எங்கள் அத்தைக்கு மனமில்லை. "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு எதுக்கு சாமி அங்கெல்லாம்?" என்றார். மருத்துவரே சொன்னதால் விட்டுக்கொடுத்தார்.

கோவை சாயிபாபா காலனியில் ஒரு வீட்டு மாடியில் அந்தப் பிசியோதெரபிஸ்ட் அக்காவின் அறை. மெழுகுவத்தி, வாசனைப் புகை, புல்லாங்குழல் இசை எதுவும் கிடையாது. சுத்தமான ஒரு கட்டில், அடுக்கி வைத்த தலையணைகள், மடித்த துண்டுகள், அவ்வளவுதான். அக்கா முதலில் என் மருத்துவக் கோப்பை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். இரத்த அழுத்தம் எவ்வளவு, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, எப்போதாவது இரத்தம் பட்டதா, ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கோப்பை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "சரி, குழந்தையப் பத்தி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன். உனக்கு எங்க வலிக்குது, கண்ணு?" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. குழந்தை அசைகிறதா, எடை கூடியிருக்கிறதா, தலை எந்தப் பக்கம் என்று அதுவரை கேட்டவர்கள் எத்தனையோ பேர். வயிற்றைத் தொட்ட கைகளும் எத்தனையோ. அத்தனையும் அன்பான கைகள்தான், குழந்தையைத் தேடி வந்த கைகள். எனக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தவை இந்த இரண்டு கைகள்தான்.

படுக்க வைக்கும் விதத்திலேயே பாதி வலி போய்விட்டது. ஒருக்களித்து இடப்பக்கம் படுக்கச் சொன்னார். தலைக்கு ஒரு தலையணை. முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் இரண்டு கால்களுக்கும் நடுவே நீளமாக ஒன்று. கட்டிக்கொள்ள ஒன்று. வயிற்றுக்கு அடியில் மட்டும் மடித்த துண்டை மெல்லச் செருகினார். வயிற்றின் பாரம் என்னை விட்டுக் கட்டிலுக்குப் போனது அந்த நொடியில்தான்! ஏன் இப்படி என்று கேட்டேன். கர்ப்பத்தின் பிற்பாதியில் மல்லாந்து படுத்தால் கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய சிரையை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து தலை சுற்றும். சில இடங்களில் வயிற்றுக்குக் குழி வைத்த மேசையில் குப்புறப் படுக்க வைப்பார்களாம். அதில் வயிறு கீழே தொங்கி, கருப்பையைத் தாங்கும் நார்கள் இழுபடும் என்று அக்கா அதைத் தொடுவதே இல்லை.

எண்ணெய், இளஞ்சூடான நல்லெண்ணெய். வாசனை எண்ணெய்களில் சில கர்ப்ப காலத்துக்கு ஆகாது என்பதால் ஒரு சொட்டுகூடக் கலக்க மாட்டார். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் அந்தத் தட்டையான எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒன்றும் செய்யாமல் சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு முதுகெலும்பின் இருபுறமும் தோள் வரைக்கும் மிக மெதுவாக நீவிக்கொண்டு போனார். முதுகெலும்பின் மேல் அழுத்தவே இல்லை. மார்பு கனத்ததால் தோள்பட்டையில் உள்ளாடைப் பட்டை பதியும் இடம் கல்லாக இறுகிக் கிடந்தது. அங்கே கட்டை விரலால் வட்டம் போட்டார். மணிக்கட்டுகளையும் விடவில்லை. கர்ப்பத்தில் நீர் கோத்து அங்குள்ள நரம்பை அழுத்துவதால்தான் காலையில் விரல்கள் மரத்துப் போகின்றன என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வலது பிட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முன்கையின் தட்டையான பகுதியை வலியின் நடுப்புள்ளியில் வைத்து, மெல்லப் பாரத்தை இறக்கிவிட்டு, காத்திருந்தார். "மூச்ச வெளிய விடு. அதுவா விடும், நாம தள்ள வேண்டாம்." முதலில் தொடைக்குள் ஓடியது வலி. நான் மூச்சை விட விட அந்தத் தசை கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து கொடுத்தது. கண்ணைத் திறந்தபோது வலி இருந்த இடத்தில் வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. உள்ளே என் மகள் உருண்டு புரண்டு கொண்டிருந்தாள். எழுந்து படியில் இறங்கினேன். வலது கால், இடது கால், மறுபடி வலது கால். சுருக் இல்லை! வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவள் விடியும்வரை அசையாமல் தூங்கினேன் என்றால், கர்ப்பமாக இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இது என் ஒருத்தியின் பரவசம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் தொடுகை ஆய்வுக்கென்றே 1992-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர் டிஃபனி ஃபீல்டு. அவர் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 26 கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். வாரம் இருமுறை, இருபது இருபது நிமிடமாக, ஐந்து வாரம். ஒரு பிரிவுக்கு மசாஜ், மறு பிரிவுக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி. ஐந்து வார முடிவில் மனக்கலக்கம் குறைந்தது, தூக்கம் நன்றாக வந்தது, முதுகுவலி குறைந்தது என்று சொன்னவர்கள் மசாஜ் செய்துகொண்ட பெண்கள்தான். மன அழுத்தத்தோடு ஏறும் நார்எபிநெஃப்ரின் அளவும் அவர்களுக்குக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதைப் படித்தபோது ஒவ்வொரு வரியும் என் உடம்பில் நடந்ததாக இருந்தது.

அக்காவின் மேல் எனக்கு இத்தனை மரியாதை வந்ததற்கு அவர் செய்ய மறுத்தவையும் காரணம். கெண்டைக்காலை அவர் ஒருபோதும் பிசைந்ததில்லை. கணுக்காலிலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் இலேசாக நீவுவதோடு சரி. பிரசவத்தில் இரத்தம் அதிகம் போகாமலிருக்க, கர்ப்பிணியின் இரத்தம் எளிதில் உறையும்படி இயற்கை செய்து வைத்திருக்கிறது. அதனாலேயே காலின் ஆழ்சிரைகளில் கட்டி உறைந்திருக்க வாய்ப்பு உண்டு. அழுத்திப் பிசைந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சுட்டு, வலித்தால் போக வேண்டியது மருத்துவமனைக்கு. முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியோடு கண் மங்கினாலும் அப்படித்தான், அது இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படி வந்த ஒரு பெண்ணை அக்கா கட்டிலில் ஏறவே விடாமல், அவரே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பியதை நான் பார்த்தேன். முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களையும் அவர் எடுத்துக்கொள்வதில்லை. ஆயுர்வேத நிலையங்களில் மசாஜ் முடிந்ததும் வழக்கமாகத் தரும் நீராவிக் குளியலும் அவரிடம் கிடையாது. உடம்பின் உள்சூடு மிகவும் ஏறுவது, அதிலும் தொடக்க மாதங்களில், கருவுக்கு ஆகாது. வயிற்றைப் பிடித்துவிட்டுக் குழந்தையைத் திருப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். அது மருத்துவர்கள் மருத்துவமனையில் செய்ய வேண்டிய வேலை.

வீட்டில் செய்துகொள்ள அவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் தங்கம். சுவருக்கும் பிட்டத்துக்கும் நடுவே டென்னிஸ் பந்தை வைத்துச் சாய்ந்து மெல்ல உருட்டுவது எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்புகளுக்கு நடுவே ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வேன். இரவில் கெண்டை பிடித்துக்கொண்டால் காலை நீட்டிக் கால்விரல்களை நம்மை நோக்கி இழுக்க வேண்டும், நொடியில் விட்டுவிடும். 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது ஒருக்களித்தே படுக்க வேண்டும். முழங்கால் நடுவே தலையணை வைக்காமல் படுக்கவே கூடாது. விடைத்தாள் திருத்தும்போது காலுக்கு முக்காலி. மாலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதங்களை வைத்திருந்து எடுத்தால், கணவர் தேங்காய் எண்ணெய் தொட்டு உள்ளங்காலிலிருந்து நீவிவிடுவார். அவரையும் ஒரு நாள் கூப்பிட்டு அக்கா பயிற்சி கொடுத்திருந்தார். அந்த நேரத்தில் தொலைக்காட்சியும் இல்லை, போனும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட அளவுக்கு அதற்கு முன் எப்போதும் பேசியதில்லை.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் எழுதுகிறேன், நம் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தசைப்பகுதியைக் கடைசி வாரங்களில், சுமார் 34 வாரம் ஆனபின், சுத்தமான விரல்களால் வாசனையில்லாத எண்ணெய் தொட்டு மெல்ல நெகிழ்த்திவிடலாம். வாரத்துக்கு ஓரிரு முறை போதும். முதல் பிரசவக்காரிகளுக்கு இதனால் கத்தரித்துத் தையல் போடும் தேவை குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை சொல்கிறது. தொற்றோ, இரத்தப்போக்கோ, நஞ்சுக்கொடி கீழே இருப்பதோ உள்ளவர்கள் செய்யக்கூடாது. மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

கடைசி மாதத்தில் அம்மாவையும் அக்காவிடம் கூட்டிப் போனேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் ஒரு பெண் துணை கூடவே இருக்கும் ஏற்பாடு 2004-இலிருந்து இருக்கிறது. எனக்குத் துணை அம்மா. ஒவ்வொரு வலி வரும்போதும் அந்தத் தட்டையான எலும்பின் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, தன் உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்த வேண்டும், வலி இறங்கியதும் கையை எடுக்காமல் மெல்ல நீவ வேண்டும் என்று அக்கா என் முதுகிலேயே செய்து காட்டினார். "பலம் பத்தலைன்னா முழங்கையக் கட்டில்ல ஊனிக்கங்கம்மா" என்று அதற்கும் வழி சொன்னார். அந்த இரவு முழுக்க அம்மா அதைச் செய்தார். வலி இல்லாமல் போகவில்லை. ஆனால் அந்த அழுத்தம் விழும்போதெல்லாம் வலியைத் தாண்டிப் போக எனக்கு ஒரு பிடி கிடைத்தது. "இன்னும் கீழ, இன்னும் அழுத்தும்மா" என்று நான் சொல்லச் சொல்ல, எனக்கு எங்கே வலிக்கிறது என்பது அம்மாவின் கைக்கு அத்துப்படி ஆகிவிட்டது. பிரசவ வலிக்கு மசாஜ் உதவும் என்கிற ஆய்வுகள் உலகில் இருக்கின்றன. எனக்கு அம்மாவின் கை போதும்.

வளைகாப்புக்குப் பட்டும் பலகாரமும் எடுக்கிறோமே, அந்தச் செலவில் ஒரு சின்னப் பங்கு போதும் அந்தப் பெண்ணின் முதுகுக்கு. என் நாத்தனார் இப்போது ஐந்தாம் மாதம். புடவையை அத்தை எடுக்கட்டும், என் சீர் அக்காவிடம் முன்பணம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அத்தையே, "எனக்கும் அந்த இடுப்பு அழுத்தறதச் சொல்லிக் குடுப்பாங்களா, சாமி?" என்று கேட்டார். நாத்தனாரின் மருத்துவர் சம்மதம் சொல்லியாயிற்று. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேருமாகப் போகிறோம்.