சிமெண்டில் காக்கப்பட்ட தெருக்கள்

இத்தாலிய ஓவியர் அல்பெர்த்தோ புர்ரியின் 'கிரெத்தோ' என்னும் படைப்பைத் திறனாய்வாளர் பலர் போற்றியுள்ளனர். அதன் பெருமையை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் அது எழுந்த சூழலினின்று பிரித்து அதனை மதிப்பிடலாகாது என்பது நம் கருத்து.

1968 ஜனவரியில் மேற்குச் சிசிலியின் பெலிச்சே பள்ளத்தாக்கைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ஜிபெல்லினா என்னும் மலையூர் அழிந்தது. உயிர் பிழைத்தோர் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தற்காலிகக் கொட்டகைகளில் வாழ்ந்தனர். 1970-இல் தனிலோ தோல்ச்சியும் அவர்தம் தோழரும் உரிமம் பெறாத வானொலி வழியே இவர்கள் துயரை அறிவித்தபோது, ஏறத்தாழ ஒரே நாளில் காவல்துறை அக்குரலை நிறுத்தியது.

புதிய ஊர் ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு அப்பால், அரசு நிறுவனமொன்றின் திட்டப்படி எழுந்தது. நகரத் தலைவர் லூதொவிக்கோ கொர்ராவோ, புகழ்பெற்ற கலைஞர்களை அழைத்து அதனை அணிசெய்தார். அழைக்கப்பட்ட புர்ரியோ, புதிய ஊரில் எதையும் செய்ய மனமின்றிப் பழைய இடிபாடுகளையே தெரிந்துகொண்டார். 1984-இல் தொடங்கி, 1989-இல் தடைப்பட்டு, 2015-இல் நிறைவுற்ற அப்பணியில், இடிபாடுகள் வெண்சிமெண்டுப் பாளங்களால் மூடப்பட்டன. பாளங்கள் ஏறத்தாழ ஆள் உயரமானவை. அவற்றின் இடைவெளிகள் பெரும்பாலும் பழைய தெருக்களின் போக்கையே பின்பற்றுகின்றன.

நம் வினா இங்கேதான் எழுகிறது. நினைவுச்சின்னத்தில் இத்துணைக் கருத்தாய்க் காக்கப்பட்ட தெரு, உயிரோடிருந்தவர்களுக்கு ஏன் கிட்டவில்லை? பழைய ஊரின் ஒடுங்கிய சந்துகளில் வீடுகள் நெருங்கி நின்றன. புதிய ஊரிலோ மக்கள்தொகைக்கு மிஞ்சிய அகன்ற சாலைகளும் திறந்த வெளிகளும் உள்ளன. கொட்டகையில் வாடியவர்களுக்கு உறுதியான வீடு சிறிய காரியமன்று. அதனை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் திட்டம் வரைந்தோர் வீடுகளை எண்ணிய அளவிற்கு அண்டை அயலை எண்ணினாரல்லர்.

நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தை, பெயர்ப்பட்டியல் எனக் கருதி, நாம் பிரசங்கத்தில் பெரும்பாலும் கடந்துபோகிறோம். அங்கே பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள மதிலைத் தாமே பழுதுபார்க்கின்றனர். ஜிபெல்லினா மக்களுக்கு அத்தகைய பங்கு அளிக்கப்படவில்லை.

எல்லாவற்றையும் இழந்தோர்க்குக் கலையும் தேவை என்றார் கொர்ராவோ. அவ்வாதத்தை நாம் இகழோம். எனினும், குவரோனி வடிவமைத்த, பெரிய வெண்கோளத்தையுடைய தலைமைக் கோவிலைப் பாருங்கள். அதன் கூரை 1994-இல் இடிந்து விழுந்தது. 2010-இல்தான் அது திறக்கப்பட்டது. சிற்பங்களைக் காண வெளியூரார் வந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளில், ஊராரின் கோவில் பூட்டியே கிடந்தது.