எதிர்நாயகனை ரசிப்பது எப்படி: ரஸ்கோல்னிகோவை முன்வைத்து

கதையின் மையத்தில் நின்று அதைத் தாங்குபவனாக இருந்தும், நாயகனுக்கென மரபு வகுத்த வீரமும் நேர்மையும் தியாகமும் வாய்க்காதவனாகவோ அவற்றுக்கு முரணாக நடப்பவனாகவோ படைக்கப்படும் பாத்திரம் எதிர்நாயகன் எனப்படும். வில்லனும் தீமை செய்பவன்தான் என்றாலும் அவனை வாசகர் வெளியே நின்று பார்க்கிறார். எதிர்நாயகனையோ அவனுடைய மனத்துக்குள்ளிருந்தே, அவன் காணும் உலகத்தோடு சேர்த்தே அறிகிறார். தஸ்தயெவ்ஸ்கி 1864இல் வெளியிட்ட 'நிலவறைக் குறிப்புகள்' நூலின் முடிவில் அதன் கதைசொல்லி, தன் வரலாற்றில் எதிர்நாயகனுக்குரிய இயல்புகளே திரண்டிருப்பதாகத் தானே கூறிக்கொள்கிறான். 1866இல் 'ரஸ்கி வெஸ்ட்னிக்' இதழில் தொடராக வந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலின் ரஸ்கோல்னிகோவ், அந்த வகைப் பாத்திரத்தை வாசித்துப் பழக மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

பீட்டர்ஸ்பர்க் நகரில் சட்டப் படிப்பைத் தொடர இயலாமல் வறுமையில் வாடும் இந்த இளைஞன், நெப்போலியனைப் போன்ற அசாதாரண மனிதர்களுக்கு ஒரு பெரும் நோக்கத்தின்பொருட்டுச் சட்டத்தை மீறும் உரிமை உண்டு என்னும் கோட்பாட்டை வகுத்துக்கொண்டு, அல்யோனா இவானோவ்னா என்னும் வட்டிக்காரக் கிழவியைக் கோடரியால் கொல்கிறான். அவனே கையில் இருந்த பணத்தையெல்லாம், மதுக்கடையில் அறிமுகமான குடிகாரர் மர்மெலாதோவின் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுபவனாகவும், அடித்துக் கொல்லப்படும் குதிரையைக் கனவில் கண்டு பதறி எழுபவனாகவும் இருக்கிறான். இவற்றைக் கொண்டு அவன் அடிப்படையில் நல்லவன் என்று முடிவு செய்து, அந்த அளவில் மனநிறைவு கொள்ளும் வாசிப்பு பலரிடம் உண்டு. அது நாவலின் வாசலிலேயே நின்றுவிடும் வாசிப்பு. தீயவனிடம் சிறிது ஈரத்தைக் காட்டி இரக்கம் பெறுவது எழுத்தாளருக்கு எளிய காரியம். தஸ்தயெவ்ஸ்கியின் கலை அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது கூறுமுறை. இந்த நாவலைக் கொலைகாரனே தன்மையில் கூறும் வாக்குமூலமாக எழுதத் தொடங்கிய ஆசிரியர், பின்னர் அதைக் கைவிட்டுப் படர்க்கைக்கு மாறினார். ஆயினும் அந்தப் படர்க்கை, எல்லாப் பாத்திரங்களையும் சம தொலைவில் நிறுத்திக் காட்டும் பழைய படர்க்கையிலிருந்து வேறுபட்டது. கதைசொல்லியின் குரல் ரஸ்கோல்னிகோவின் தோளை ஒட்டியே நடந்து, அவன் கண்டதையும் கேட்டதையும் அஞ்சியதையும் பெரும்பாலும் அவன் அறிந்த அளவிலேயே கூறுவதால், தன்மைக்குரிய நெருக்கமும் படர்க்கைக்குரிய விலகலும் ஒரே வாக்கியத்தில் கூடி நிற்கின்றன.

இதன் விளைவைக் கொலைக்குப் பிந்தைய கதவுக் காட்சியில் உணரலாம். உள்ளே இரு பிணங்கள் கிடக்க, வெளியே வந்து நிற்கும் இருவர் கதவைப் பிடித்து இழுக்க, உள்பக்கக் கொக்கி துள்ளித் துள்ளி ஆடுவதை ரஸ்கோல்னிகோவ் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடங்களில், அவன் பிடிபடக் கூடாதே என்ற பதைப்பு வாசகருக்கும் வந்துவிடுகிறது. எந்த வாதத்தாலும் கொலையை ஏற்காத வாசகரை, பார்வைக் கோணம் ஒன்றைக் கொண்டே கொலைகாரனின் பக்கம் சேர்த்துவிடுகிறார் ஆசிரியர். அந்தப் பதைப்பு தமக்குள் எழுவதை மறைக்காமல் கவனிப்பவரே எதிர்நாயகனை மெய்யாக ரசிக்கத் தொடங்குகிறார்.

உள்ளே கிடக்கும் இரண்டாவது பிணம் லிசவேதாவினுடையது. கிழவியின் மாற்றாந்தாய் வழித் தங்கையான அவள், அக்காவின் அடிக்கும் ஏவலுக்கும் ஆளாகி வாழ்ந்த சாது; எதிர்பாராமல் உள்ளே வந்த ஒரே காரணத்தால் கொல்லப்படுகிறாள். கிழவியைக் கொல்ல ஒரு கோட்பாடு இருந்தது. இவளைக் கொல்ல அப்படி எதுவும் இல்லை. பின்வரும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ரஸ்கோல்னிகோவ் கிழவியைப் பற்றியே வாதிடுகிறான். லிசவேதாவைத் தான் ஏன் நினைப்பதே இல்லை என்று ஓரிடத்தில் அவனே வியக்கிறான். அவன் கண்களால் உலகைக் கண்டுவந்த வாசகரும் அதற்குள் அவளை மறந்திருப்பார். எதிர்நாயகனைப் படைப்பதில் உள்ள உயர்ந்த நுட்பம் இதுவே: அவனுடைய பார்வையை வாசகருக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பார்வை எதைத் தவறவிட்டது என்பதற்கான தடயங்களையும் அதே கதைக்குள் வைத்துவிடுவது. ரஸ்கோல்னிகோவின் கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுத்தவள் லிசவேதா என்பதைப் பணிப்பெண் நஸ்தாஸ்யா போகிறபோக்கில் கூறுகிறாள். மர்மெலாதோவின் மகள் சோனியாவும் லிசவேதாவும் சிலுவைகளை மாற்றிக்கொண்ட தோழியர் என்பது பிறகு தெரிகிறது. தன் குற்றத்தைச் சோனியாவிடம் வெளிப்படுத்தும் வேளையில், அவள் முகத்தில் லிசவேதாவின் முகத்தையே அவன் காண்கிறான்.

எல்லா எதிர்நாயகர்களும் இவ்வாறு தம் குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை. ஜி. நாகராஜன் 1974இல் வெளியிட்ட 'நாளை மற்றுமொரு நாளே' நாவலின் கந்தன், தரகுத் தொழிலில் வாழும் ஒருவனாக ஒரே ஒரு நாளைக் கழிக்கிறான். அவனைக் கண்டிக்கவோ காப்பாற்றவோ ஆசிரியர் முன்வருவதில்லை என்பதால் தீர்ப்பு முழுவதும் வாசகரின் பொறுப்பாகிறது. அத்தகைய நாவல்களிலும் பயன்படும் கேள்வி ஒன்றே: இவன் கண்ணில் படாமல் போகிறவர் யார்?

'குற்றமும் தண்டனையும்' நாவலை முன்பே படித்தவர்கள், லிசவேதாவின் பெயர் வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். சோனியா அவனுக்கு லாசரஸ் உயிர்த்தெழுந்த கதையை வாசித்துக் காட்டும் புதிய ஏற்பாடு, லிசவேதா கொண்டுவந்து கொடுத்தது. சைபீரியச் சிறையில், பின்னுரையின் இறுதியில், அவன் தலையணைக்கடியில் இருப்பதும் அதே நூல்தான். ஆனால் அந்த இடத்தில் ஆசிரியர் அவள் பெயரைக் கூறுவதில்லை.