வெள்ளை கேட்பது யார்?

சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, அந்தத் தொழிலில் ஒரு குறை சொன்னாலும் ஊர்ப்பெருமையைக் கெடுக்கிறாய் என்று சண்டைக்கு வருகிறார்கள். பெருமைக்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோனபோது, மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் தொடங்கிய கைத்தொழில், மரவள்ளிக்குச் சந்தை உண்டாக்கியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்ததும் ஆலைக்காரர்களுக்கு விற்கவும் கடன் பெறவும் ஓர் இடம் கிடைத்தது. மாவெடுத்தபின் மிஞ்சும் திப்பிகூட மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகிறது. எல்லாம் சரி.

ஆனால் தரம் என்றால் வெண்மை என்று ஆக்கிவிட்டார்களே, அதைத்தான் பல வருடமாக என்னால் ஏற்க முடியவில்லை.

மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்து அரைத்து, அதன் பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் கிடைக்கும் மாவு சற்றே மங்கலாகத்தான் இருக்கும். உரிப்பது பெரும்பாலும் பெண்களின் கைவேலை; நேரம் பிடிக்கும், கூலி கொடுக்க வேண்டும். கூலியை மிச்சம் பிடிக்கத் தோலோடு அரைத்தால் மாவு பழுப்பேறும். அந்தப் பழுப்பை மறைக்கத்தான் ப்ளீச்சிங் பவுடரும் அமிலமும் தொட்டிக்குள் இறங்குகின்றன. உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளில் மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்யும் செய்தி நமக்குப் புதிதல்ல. விற்க வந்த சரக்கின் மாதிரியைத் தட்டில் பரப்பிக் கண்ணால் பார்த்து விலை குறிக்கும்போது, ஒழுங்காக உரித்து அரைத்தவன் சரக்கு மங்கலாகத் தெரிகிறது. ஏமாற்றியவன் சரக்கு பளிச்சென்று இருக்கிறது. யாருக்கு விலை ஏறும்?

இதற்கு வியாபாரிகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: மகாராஷ்டிரத்தில் விரத நாளில் சாபுதானா கிச்சடி செய்கிறவர்கள் வெள்ளையைத்தான் கேட்கிறார்கள். இதை நான் நம்பவில்லை. பழவேற்காட்டில் சென்னாங்குனி என்கிற பொடி இறால் கருவாடு வாங்கப் போனால் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து மணல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள். காட்டுப்பள்ளிப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம், “கண்ண நம்பாதம்மா, மூக்க நம்பு” என்றார். தொட்டு, முகர்ந்து வாங்க விட்டால் சனங்களுக்குப் பொருள் தெரியும். பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைத்துக் கண்ணுக்கு மட்டும் வேலை வைத்துவிட்டு, வெள்ளையை மக்கள் கேட்கிறார்கள் என்பது என்ன நியாயம்?

போன கோடையில் வடாம் போட வாங்கிய ஜவ்வரிசி சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. கஞ்சி கொதித்ததும் அடுக்களை முழுக்க மருந்து நெடி. மொட்டைமாடி வரை தூக்கிப் போகாமல் அப்படியே கொட்டினேன்.

புவிசார் குறியீடு ஊரைச் சொல்கிறது. தோல் உரித்தார்களா என்று சொல்வதில்லை. முத்திரைக்குப் பக்கத்தில் “தோல் உரித்து அரைத்தது” என்று ஒரு வரி அச்சிடட்டும், அதைச் சோதித்தும் பார்க்கட்டும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நான் தயார். அந்தக் காசு கிழங்கு சீவுகிற பெண்ணின் கூலியில் சேரட்டும்.