பிளாங்க் தொடாத குதிகால்

ஓட்டக்காரர்கள் மத்தியில் இப்போது ஒரே வைத்தியம்தான் பேச்சு. மாதக்கணக்கில் குதிகால் வலி விடவில்லையா? ஆறு வாரம் ஓடாதே; தினமும் பிளாங்க் போடு, பிரிட்ஜ் செய், வயிற்றையும் இடுப்பையும் வலுவாக்கு. “எனக்கு அப்படித்தான் சரியானது” என்பவர்கள் பொய் சொல்லவில்லை. எது சரியாக்கியது என்பதில்தான் எனக்கு வழக்கு.

எலும்பில் மயிரிழை விரிசல் என்றால் ஓய்வு கட்டாயம். நடுவுடல் (கோர்) தசைகள் வலுவாக இருப்பது யாருக்கும் நல்லதே. முடங்கிக் கிடப்பவருக்குச் செய்ய ஒரு வேலையும் கிடைக்கிறது. இவ்வளவும் சரி.

ஆனால் இங்கே வலிப்பது கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசையைத் தாங்குவது அது. சுமை கொடுத்தால்தான் அதன் தாங்கும் திறன் வளரும். ஆறு வாரம் சும்மா விட்டால் வலி அடங்கும், ஏனென்றால் அதனிடம் யாரும் வேலை கேட்கவில்லை. அதற்குள் கெண்டைச் சதையும் தளர்ந்துவிடும். ஏழாவது வாரம் பழைய பத்து கிலோமீட்டரை ஓடிவிட்டு, மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது அதே விறைப்பு, அதே சுரீர். உடனே சொல்வார்கள்: “கோர் இன்னும் போதவில்லை.” குணமானால் பிளாங்கின் பெருமை, ஆகாவிட்டால் ஓடுபவரின் குறை. தோற்கவே முடியாத வைத்தியத்தை எப்படி நம்புவது?

இந்த மோகத்துக்கு விதை போட்டவற்றில் முக்கியமானது 1996-இல் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு. கீழ்முதுகு வலி உள்ளவர்கள் கையைத் தூக்கும்போது, வயிற்றின் ஆழ்தசை ஒன்று சற்றுத் தாமதமாக இயங்குவதை அவர்கள் கண்டார்கள். கவனியுங்கள்: முதுகு வலி. அது எப்படிக் குதிகாலுக்கு மருந்தானது? பிளாங்கில் பாதம் அசையாமல் கிடக்கிறது. கெண்டைச் சதைக்குப் பெரிதாக வேலை இல்லை.

1998-இல் சுவீடனின் ஆல்ஃப்ரெட்சன், அக்கிலிஸ் வலிக்கு ஓய்வு உட்பட வழக்கமான சிகிச்சையெல்லாம் பலிக்காத 15 பேரைப் படிவிளிம்பில் நிறுத்தினார். நுனிக்காலில் எழுந்து, வலிக்கும் காலின் குதிகாலை மெல்லப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, நாளுக்கு இரண்டு வேளை. வலித்தாலும் நிறுத்தக் கூடாது. பழகிவிட்டால் முதுகுப்பையில் எடை ஏற்ற வேண்டும். 12 வாரத்தில் எல்லோரும் பழையபடி ஓடினார்கள். (தசைநாண் எலும்போடு ஒட்டும் இடத்தில் வலி இருந்தால் தரைமட்டத்தோடு நிறுத்துவது நல்லது.) சிறிய ஆய்வுதான், பின்வந்தவற்றில் பலன் இவ்வளவு முழுமையாக இல்லை. ஆனாலும் வலிக்கிற இடத்துக்கே வேலை கொடுத்த முறை அது.

ஓய்வின் கதையும் அப்படியே. 2007-இல் சில்பெர்னாகல் குழு, ஒரே கெண்டைக்கால் பயிற்சியை அக்கிலிஸ் வலி உள்ள 38 பேருக்குக் கொடுத்தது. ஒரு பிரிவினர் வலியை அளந்தபடி ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் முதல் ஆறு வாரம் ஓடவில்லை. இரு பிரிவுகளும் ஒன்றுபோலவே தேறின. அந்த ஆறு வார ஓய்வு எதைக் கூடுதலாகக் கொடுத்தது?

பிளாங்கால் தேறியதாகச் சொல்பவர்களிடம், திரும்பி ஓடத் தொடங்கியது எப்படி என்று கேட்டுப்பாருங்கள். முதலில் நடை, பிறகு நடைக்கு நடுவே ஒரு நிமிட ஓட்டம், அடுத்த வாரம் இரண்டு நிமிடம் என்பார்கள். குதிகாலுக்குச் சுமை படிப்படியாக ஏறியது அந்த வாரங்களில்தான். பாராட்டைப் பகிரும்போது அந்த வாரங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.