தேவாலயத்துக்குள் ஒரு தோணி

வணக்கத்தலமொன்றை அருங்காட்சியகமாக்குவது எனக்கு உவப்பான காரியமல்ல. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் மீனவர் அருங்காட்சியகத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மனம் வருதில்லை. கடற்கரை மீனவர்களுக்கென்றே 1854இல் எழுந்த தேவாலயம் அது. இரண்டாம் உலகப்போரில் இராணுவக் களஞ்சியமாகி, 1956இல் அருங்காட்சியகமானது. 1912இல் கட்டிய ‘என்டர்பிரைஸ்’ பாய்த்தோணி வாசலால் நுழையாதென்று சுவரையே உடைத்து உள்ளே ஏற்றினார்கள். கட்டடக்கலை பார்க்கப் போகிறவருக்கு ஏமாற்றந்தான்: மண்டபம் முழுக்கத் தோணி. இதை நான் குறையென்று சொல்லமாட்டேன். அங்கே வழிபட்ட சனத்தின் பிழைப்பு அதுதானே! நடத்துவது தொண்டர்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. இடைக்கிடை ஞானஸ்நானமும் அதே கூரையின் கீழ் நடக்கிறது. வெளியே, கூழாங்கல் கரையில் இன்றைக்கும் மீன்பிடி வள்ளங்களை இழுத்து ஏற்றுகிறார்கள்.