வன்னியின் வீதிகளும் வீதிச் சொற்களும்

ஒரு நாட்டின் பெருவீதிகளைப் பற்றி ஆராய்வோர் அவற்றின் நீளத்தையும் அகலத்தையும் வாகனத் தொகையையுமே பெரும்பாலும் கணக்கிற் கொள்வர். அவ்வீதிகளைக் குறிக்க வழங்கும் சொற்கள் யாருடைய நோக்கிலிருந்து பிறந்தன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. வீதியை அமைக்கும் அதிகாரமும் அதற்குப் பெயரிடும் அதிகாரமும் பெரும்பாலும் ஒரே கையில் இருப்பதால் இவ்வினா சமூக முக்கியத்துவம் உடையது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலத்தை முன்வைத்து இதனை நோக்குவோம்.

இலங்கையின் வீதிகள் எழுத்தும் எண்ணும் கொண்டு வகுக்கப்பட்டுள்ளன. ஏ, பி தர வீதிகள் 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. சி, டி தர வீதிகள் மாகாண நிருவாகத்தையும், ஏனைய ஊர்வீதிகள் உள்ளூராட்சிச் சபைகளையும் சார்ந்தவை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் செல்லும் ஏ-9 வன்னியை ஊடறுக்கின்றது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவு செல்வது ஏ-34. பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக அதே நகரை அடைவது ஏ-35. மேற்கே மன்னாரையும் பூநகரியையும் இணைப்பது ஏ-32. இவ்வகுப்பு நிருவாகத்துக்கு இன்றியமையாததே. ஆயினும் ஒரு வீதியின் தரம் அது இணைக்கும் நகரங்களைக் கொண்டு மதிக்கப்படுகின்றதே தவிர, அதன் கரையில் வாழ்வோரின் தேவையைக் கொண்டன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

எண்ணை விடுத்துப் பெயரை நோக்கினும் நிலைமை மாறுவதில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடைகளின் முகவரி ‘கண்டி வீதி’ என்றே எழுதப்படுகின்றது. வழக்கிலுள்ள மற்றொரு பெயர் ‘யாழ்–கண்டி வீதி’. இரு பெயர்களும் வீதியின் முனைகளைச் சொல்கின்றன. நடுவே கிடக்கும் நிலத்துக்கு அவற்றில் இடமில்லை. பெயரிட்டோரின் நோக்கில் வன்னி கடந்து செல்லவேண்டிய காடு. அங்கே குளங்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, சிற்றரசு நடத்திய வன்னிமைகளின் வரலாறும் இருந்தது என்பது பெயரிற் பதியவில்லை.

இவ்வீதிகளின் அடித்தளத்தில் உள்ள உழைப்பும் சொல்லில் மறைந்துவிட்டது. இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. எனினும் 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையான ஆண்களை ஆண்டில் ஆறு நாள் ஊதியமின்றி வீதி வேலை செய்யுமாறு, அன்றேல் பணம் செலுத்துமாறு பணித்தது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாகும். ‘கண்டி வீதி’ என்னும் பெயர் அரசையும் வணிகத்தையும் நினைவூட்டுகின்றது, கல்லுடைத்தவனை நினைவூட்டுவதில்லை.

இனிக் கலைச்சொற்களை நோக்குவோம். ஈழத்து அரச ஆவணங்களிலே ‘பெருந்தெரு’, ‘நெடுஞ்சாலை’ என்னும் இரண்டும் வழங்கக் காண்கிறோம். தமிழகத்திலே ‘சாலை’ வீதியைக் குறிக்கும். ஈழத்துப் பேச்சிலோ அது பாடசாலை, வைத்தியசாலை என இடத்தையே குறிக்கின்றது. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் ‘வவுனியா சாலை’ என்பது பேருந்துகள் தரிக்கும் பணிமனையாகும். ஆகவே ‘நெடுஞ்சாலை’ என்னும் சொல் ஈழத்தவனுக்குப் புத்தகத்தின் ஊடாகவே வந்து சேர்கின்றது. ‘பெருந்தெரு’ மண்ணுக்கு அணுக்கமானது. எனினும் பேச்சு மொழியில் அதனைக் கேட்டல் அரிது. வன்னி விவசாயி ‘றோட்டு’ என்பான்; கிறவல் பரப்பிய வழியைக் ‘கிறவல் றோட்டு’ என்பான்; வீட்டுக்கு வரும் குறுவழியை ‘ஒழுங்கை’ என்பான். இச்சொற்களைக் கொச்சை என ஒதுக்கிய நம் கல்வி மரபு, அவற்றுள் அடங்கிய நுட்பமான பாகுபாட்டைக் காணத் தவறியது. எந்த வழியில் மாரியில் உழவு இயந்திரம் புதையும், எதிற் புதையாது என்பதை அப்பாகுபாடு சொல்லும். ஏ, பி என்னும் எழுத்துகள் சொல்லமாட்டா.

மக்கள் தம்மீது சுமத்தப்பட்ட சொல்லைத் தமதாக்கிக் கொள்வதும் உண்டு. கிளிநொச்சியில் ‘155ஆம் கட்டை’ என்றோர் இடம் உள்ளது. கட்டை என்பது மைற்கல். அவ்வெண் கண்டியிலிருந்து எண்ணிவந்த மைற்கணக்கு. தொலைவிலுள்ள நகரொன்றின் அளவுகோலால் பிறந்த எண், கிலோமீற்றர் வந்த பின்னரும் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. இன்று அங்கு வாழ்வோர்க்கு அது தூரத்தின் அளவன்று. தம் இருப்பிடத்தின் பெயர்.

எல்லாவற்றினும் ஆழமான பொருள் மாற்றத்துக்கு உட்பட்ட சொல் ‘பாதை’ எனலாம். ஈழத்துத் தமிழிலே நீர்நிலையைக் கடக்க உதவும் மிதவையும் ‘பாதை’ எனப்படும். காரைநகர்–ஊர்காவற்றுறைப் பாதையும், முன்னர் இயங்கிய கேரதீவு–சங்குப்பிட்டிப் பாதையும் எடுத்துக்காட்டுகள். ஆனையிறவு வழி அடைபட்டிருந்த 1990களின் முற்பகுதியில் மக்கள் கிளாலிக் கடலேரியைப் படகிற் கடந்தனர். அதுவும் ‘கிளாலிப் பாதை’ ஆயிற்று. 1997 மே மாதம் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ இராணுவ நடவடிக்கையின் இலக்கு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடைப்பட்ட வீதியே. 2002இல் போர்நிறுத்தத்தின் பின் ‘பாதை திறந்தது’. 2006 ஆகத்தில் ‘பாதை பூட்டப்பட்டது’. வீதி அங்கேயே கிடந்தது. திறந்ததும் பூட்டியதும் ஓமந்தையிலும் முகமாலையிலும் இருந்த சாவடிகள். ஆயினும் மக்கள் ‘வீதி’ என்னாது ‘பாதை’ என்றமை தற்செயலன்று. வீதி என்பது தரையிற் கிடக்கும் பொருள்; பாதை என்பது போய்வரும் உரிமை. நிருவாக மொழி பிரித்தறியாத இவ்வேறுபாட்டை மக்கள் மொழி பிரித்தறிந்தது.

2009இல் ஏ-35 வழியே நிகழ்ந்ததை இவ்விடத்துக் குறிப்பிடாது விடல் இயலாது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கி ஊர் ஊராகப் பெயர்ந்த மக்கள் முள்ளிவாய்க்காலில் முடக்கப்பட்டனர். அவர்கள் நினைவுகூர்வது தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்னும் ஊர்ப்பெயர் வரிசையை. அவ்வரிசை தனக்குள் ஒரு வரலாற்றைத் தாங்கியுள்ளது. ‘ஏ-35’ என்னும் குறியீடு அதனைத் தாங்கவில்லை.

போருக்குப் பின் ஏ-9 புதிதாக அமைக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டது. ‘காப்பெற் றோட்டு’ என்பது வன்னிப் பேச்சிற் பெருவழக்காயிற்று. பயண நேரம் குறைந்தமை மெய்யான நன்மையே. ஆனால் வளர்ச்சியைக் காப்பெற் வீதியின் நீளத்தால் மாத்திரம் அளக்கும் பார்வை, வன்னியை மீண்டும் கடந்து செல்லும் நிலமாகவே காண்கின்றது. நெல் ஏற்றும் வண்டி முதலிற் புறப்படுவது கிறவல் றோட்டிலிருந்தேயாம்.

1973இல் வெளிவந்த பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ பெருவீதியை விட்டகன்ற தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டமை இவ்வகையிற் கவனத்துக்குரியது. படைப்பிலக்கியம் சென்ற திசையில் நம் சொல்லாராய்ச்சியும் செல்லவேண்டும். கட்டை, ஒழுங்கை, கிறவல், பாதை ஆகிய சொற்களை ஊர் ஊராகத் தொகுத்து, அவற்றின் பொருள் மாறிய காலத்தையும் காரணத்தையும் பதிவு செய்தல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அச்சொற்களின் பொருளை வாழ்ந்தறிந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. அவர்களிடம் கேட்டெழுதாது விடின், வன்னியின் வீதி வரலாறாக எண்ணிட்ட படமொன்றே எஞ்சும்.