முட்டைக்கு வைக்கோல் மெத்தை

இயற்பியல் வகுப்பில் முட்டையை மாடியிலிருந்து போட்டு உடையாமல் காக்க, மேலூர் வயல்களின் வைக்கோலைவிட நல்ல பொருள் வேண்டுமா? 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் முட்டை மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் வேகத்தில் தரையை எட்டுகிறது. சிமெண்டுத் தரை அதை 1 மில்லிமீட்டருக்குள் நிறுத்தப் பார்க்கும், ஓடு நொறுங்கிவிடும். வைக்கோலோ மடங்கி, நசுங்கி, 5 சென்டிமீட்டர் இடம் கொடுக்கும். நிற்கும் தூரம் 50 மடங்கு கூடினால் சராசரி விசை 50-ல் ஒரு பங்காகிவிடும். எத்தனை அழகான கணக்கு!

நாமக்கல் முட்டைகளைச் சுமக்கும் அட்டைத் தட்டையும் மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 30 குழிகள், ஒவ்வொன்றும் முட்டையைப் பக்கவாட்டில் அணைத்து, பாரம் ஒரு புள்ளியில் குவியாமல் பார்த்துக்கொள்கிறது.